நிலக்கரிச் சுரங்கமும் நீண்ட வில்லும்: பிடில் கலைஞர் கென்னி பேக்கர்

1957 டிசம்பரில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், சில நாள் இடைவெளியில் இரண்டு ஒலிப்பதிவுகள் நடந்தன. முதலாவதில் டான் கிப்சன் என்ற பாடகர், தயாரிப்பாளர் செட் அட்கின்ஸின் துணையோடு, ‘ஓ லோன்சம் மீ’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க நாட்டுப்புற வழியில் வளர்ந்த கன்ட்ரி இசையின் அடையாளமாக அதுவரை கருதப்பட்ட பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் அந்தப் பாட்டிலிருந்து விலக்கிவிட்டு, கிட்டார், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், பின்னணிக் குரல்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாட்டு பெரும் வெற்றி பெற்றது. நகரத்துக் காதுகளுக்கேற்பச் சீவி மெருகிட்ட ‘நாஷ்வில் பாணி’க்கு அது முன்னோடியானது. இரண்டாவது பதிவு மாண்டலின் கலைஞர் பில் மன்ரோவுடையது. அதில் வாசித்த புதிய பிடில்காரர், கிப்சனின் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். பெயர் கென்னி பேக்கர். கன்ட்ரி இசை பிடிலைக் கைவிடத் தொடங்கிய அதே மாதத்தில், பிடில் இன்றியமையாததாக இருந்த ஓர் இசைக்குழுவில் அவர் பதிவுக்கு அமர்ந்தார். அடுத்த கால் நூற்றாண்டில் அவர் வாசித்த முறையே, மன்ரோவின் குழுவிலிருந்து பிறந்த புளூகிராஸ் என்ற இசை வகையில் பிடில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாயிற்று.

‘பிடில்’ என்ற சொல் தமிழுக்குப் புதிதன்று. கர்நாடக இசை வித்வான்களை ஒரு தலைமுறைக்கு முன்புவரை ‘பிடில் வித்வான்’ என்றே மரியாதையோடு குறிப்பிட்டார்கள். வயலினும் பிடிலும் ஒரே கருவிதான். அமெரிக்கக் கிராமங்களில் நடனத்துக்கும் ஊர்க் கூடுகைகளுக்கும் வாசிக்கப்படும்போது அதற்குப் பிடில் என்று பெயர். சிம்பொனி அரங்கில் வாசிக்கப்படும்போது வயலின். ஆகவே இக்கட்டுரை முழுவதும் பிடில் என்றே எழுதுகிறேன்.

பேக்கர் 1926 ஜூன் 26 அன்று கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ஜென்கின்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் தானாக வளர்ந்த ஊர் அன்று. 1910களின் தொடக்கத்தில் ஒரு நிலக்கரி நிறுவனம் காட்டை வெட்டி, வீடுகளையும் கடைகளையும் பள்ளிகளையும் தானே கட்டி உருவாக்கிய ஊர் அது. அங்கே பிறந்த ஆண்பிள்ளைக்கு எதிர்காலம் என்பது பெரும்பாலும் சுரங்கத்தின் வாய்தான். பேக்கரும் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையிலும் பணியாற்றினார்.

அவருடைய தந்தை பிடில் வாசிப்பவர். தந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணைக்கு வாசித்தே பேக்கருக்கு அந்தக் கருவி பழக்கமாயிற்று. ஆனால் இளமையில் அவர் மனத்தைக் கவர்ந்தது மலையூரின் பழைய மெட்டுகள் அல்ல. நடனத்துக்கேற்ற ஜாஸ் வகையான, அக்காலத்தின் ஸ்விங் இசையே அவரை இழுத்தது. ஸ்விங் பாணியில் தேர்ந்த மரியன் சம்னர் என்ற பிடில்காரரை அவர் கூர்ந்து கேட்டார். பாரிஸ் நகரத்தில் 1934இல் உருவான குழு ஒன்றில் ஜாங்கோ ரைன்ஹார்ட் கிட்டாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலினும் வாசித்த ஜாஸ் இசைத்தட்டுகள் அவருக்குப் பாடப் புத்தகமாயின. நிலக்கரித் தூசி படிந்த ஒரு மலையூர் இளைஞன் பாரிஸ் ஜாஸில் தோய்ந்தது எப்படி என்று வியப்பு எழலாம். வானொலியும் இசைத்தட்டும் வந்த பிறகு மலைகள் இசைக்கு வேலியாக இருக்கவில்லை என்பதே அதற்கு விடை. அதே கிராப்பெல்லி பிற்காலத்தில், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த எல். சுப்ரமணியத்தோடு சேர்ந்து 1984இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். தமிழ் வாசகர்களில் சிலர் அவரை அவ்வழியாகக் கேட்டிருக்கக்கூடும்.

1953இல் டான் கிப்சனின் குழுவிலிருந்து மரியன் சம்னர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் பேக்கர். புளூகிராஸ் இசையில் அவருக்கு அப்போது ஈடுபாடு இல்லை. மன்ரோ வெளியிட்ட ‘வீல் ஹாஸ்’, ‘ரோனோக்’ என்ற இரண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்ட பிறகுதான் அந்த இசையில் தனக்கும் வேலை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. பல குழுக்கள் சேர்ந்து நடத்திய ஒரு நிகழ்ச்சியில் மன்ரோ அவரைச் சந்தித்து, தன் குழுவில் இடம் தருவதாகச் சொன்னார்.

இங்கே மன்ரோவைப் பற்றியும் அவருடைய இசையின் அமைப்பைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லாமல் பேக்கரின் சிறப்பை விளக்க இயலாது. பில் மன்ரோ 1911இல் கென்டக்கியின் மேற்குப் பகுதியிலுள்ள ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்து, தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். விபத்தில் கால் ஊனமுற்றிருந்த அந்த மாமன், சுற்றுவட்டாரத்து நடனக் கூடுகைகளில் பிடில் வாசிப்பவர். சிறுவன் மன்ரோ கிட்டார் எடுத்துக்கொண்டு கூடவே போவார். மன்ரோ பின்னர் தேர்ந்துகொண்ட கருவி மாண்டலின். அதற்கும் பிடிலுக்கும் சுருதி அமைப்பு ஒன்றே. நம் வழக்கப்படி சொன்னால் ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று கட்டை என்ற வரிசையில் தந்திகள் ஏறிக்கொண்டே போகும். எனவே மாமன் பிடிலில் வாசித்ததை விரல் மாறாமல் மாண்டலினில் எடுக்க மருமகனால் முடிந்தது. 1939இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்த மன்ரோ, கென்டக்கியின் செல்லப் பெயரான ‘நீலப்புல் மாநிலம்’ என்பதிலிருந்து தன் குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார். 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வாசித்த பாஞ்சோ என்ற தந்திக்கருவி சேர்ந்த பிறகு அந்தக் குழுவின் ஓசை தனி வகையாக உறுதிப்பட்டது. குழுவின் பெயரே இசை வகையின் பெயருமாயிற்று. ஆக, தொன்மையான மலையிசை என்று பலரும் எண்ணும் புளூகிராஸ், வானொலிக் காலத்தில் குறிப்பிட்ட சிலர் சேர்ந்து உருவாக்கிய மேடை இசைதான்.

அந்தக் குழுவில் பிடிலுக்கு மூன்று வேலைகள் உண்டு. பாட்டைத் தொடங்கிவைப்பது முதல் வேலை; தாளகதி என்ன, மெட்டு எது என்பதைச் சில நொடிகளில் பாடகருக்கு உணர்த்திவிட வேண்டும். அடிகளுக்கிடையே தன் முறை வரும்போது தனித்து வாசிப்பது இரண்டாவது. மற்ற நேரங்களில் பாடகரின் வரி முடியும் இடத்திலுள்ள இடைவெளியை நிரப்புவதும், தேவைப்படும்போது வில்லால் தட்டித் தாளத்தை நிலைநிறுத்துவதும் மூன்றாவது. கிராமத்து நடனத்துக்கு வாசித்த பழைய பிடில்காரருக்கு இவற்றில் பல தேவைப்படவே இல்லை. அவர் மெட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஆடுபவர்கள் களைக்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்தால் போதும்.

இதைவிட முக்கியமான சிக்கல் சுருதி. பழைய பிடில்காரர்கள் பெரும்பாலும் ஐந்து, இரண்டு, ஆறு கட்டைகளிலேயே வாசித்தார்கள். அந்தச் சுருதிகளில் ஆதார ஸ்வரம் விரல் வைக்காத வெறுந்தந்தியிலேயே கிடைக்கும். பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசினால் தம்பூரா போன்ற ரீங்காரம் கூடவே ஒலிக்கும். மன்ரோவின் குரலோ உச்சத்தில் நிற்பது. அவர் ஏழு கட்டையிலும் ஆறரைக் கட்டையிலும் பாடினார். ஏழு கட்டையில் பிடிலின் நான்கு தந்திகளில் மூன்று, வெறுந்தந்தியாக அந்தச் சுருதியின் ஸ்வரங்களுக்கு வெளியே போய்விடுகின்றன. ஏறக்குறைய எல்லா ஸ்வரத்தையும் விரலால் அழுத்தியே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. பழகிய விரலமைப்புகள் உதவாமற் போய், அந்த வேகத்தில் சுருதி பிசகாமல் வாசிப்பது மிகக் கடினமாகிறது. இவ்விடத்தில்தான் ஸ்விங் கேட்டு வளர்ந்தவருக்கு வழி திறந்தது. எக்காளமும் கிளாரினெட்டும் ஓங்கிய ஸ்விங் குழுக்களில் பிடிலுக்குச் சாதகமில்லாத சுருதிகளே அன்றாடம். வெறுந்தந்தியை நம்பாமல், எந்தச் சுருதியிலும் விரல்களை ஒரே அமைப்பில் நகர்த்தி வாசிக்கும் பழக்கம் பேக்கருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது.

அடுத்தது வில். அவருடைய வாசிப்பைக் கேட்பவர் முதலில் உணர்வது அதன் வழுவழுப்பைத்தான். நடன பிடில்காரர் வில்லைக் குறுகலாக, முன்னும் பின்னுமாக, தாளத்தை வெட்டிக் காட்டும்படி இழுப்பார். ஆடுபவரின் காலுக்கு அந்த வெட்டு வேண்டும். பேக்கர் நீண்ட வில்வீச்சில் பல ஸ்வரங்களைக் கோத்து வாசித்தார். வில் திசை மாறும் கணம் செவிக்குத் தெரிவதில்லை. ஆனாலும் தாளத்தின் எழுச்சி குறைவதில்லை. வில்லின் அழுத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் அவர் அந்த எழுச்சியைக் கொண்டுவந்தார். வேகமான மெட்டில்கூட அவசரம் தென்படாது. நான் புளூகிராஸ் பிடில்காரர் பலரைக் கேட்டிருக்கிறேன். அவரைவிட வேகமானவர்கள் உண்டு, துணிச்சலான கற்பனை உடையவர்களும் உண்டு, ஆனால் ஒரு மெட்டை இத்தனை நிதானத்தோடும் முழுமையோடும் நம் முன் வைத்தவர் வேறு ஒருவர் இல்லை என்றே எண்ணுகிறேன்.

இத்தனை திறமை இருந்தும், 1957க்கும் 1968க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மன்ரோவின் குழுவில் சேர்வதும், விலகி ஜென்கின்ஸ் சுரங்கத்துக்குத் திரும்புவதுமாகவே இருந்தார். இதற்கு மனத்தாங்கலோ நிலையற்ற குணமோ காரணமன்று; குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மன்ரோவின் பாட்டையே வேறு நடையில் பாடி வெளியிட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த ராக் அண்ட் ரோல் அலையில் கன்ட்ரி குழுக்களுக்கு மேடைகள் குறைந்தன. எஞ்சிய கன்ட்ரி இசையும் நாஷ்வில் பாணிக்கு மாறியதால் பிடிலுக்கு அங்கும் இடமில்லாமற் போயிற்று. புளூகிராஸ் குழுவில் வாசிப்பவருக்குக் காரிலேயே நாள்கணக்கில் பயணமும், நிச்சயமற்ற சிறு வருமானமுமே மிஞ்சின. சுரங்கத்தில் ஆபத்து உண்டு, ஆனால் வாரம் தவறாமல் கூலியும் உண்டு. மன்ரோவின் குழுவில் மொத்தம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்துபோனார்கள் என்பதற்கும் இந்தப் பொருளாதாரமே பெருங்காரணம். ஒரு கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கலைஞரின் பாணியைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, அவர் வீட்டு வாடகையை எப்படிக் கொடுத்தார் என்பதைக் கடந்துவிடுகிறார்கள். பேக்கர் ஒலிப்பதிவுகளில் இல்லாத ஆண்டுகள் அந்தக் கேள்விக்கான விடையாகவே நிற்கின்றன.

நிலைமையை மாற்றியது விழாக்கள். 1960களில் கல்லூரி மாணவர்களிடையே நாட்டார் இசை மீது எழுந்த ஆர்வம் புளூகிராஸ் பக்கமும் திரும்பியது. 1965இல் கார்ல்டன் ஹேனி என்ற ஏற்பாட்டாளர் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் பல நாள் நீடித்த புளூகிராஸ் விழாவை நடத்தினார். 1967இல் மன்ரோ இண்டியானா மாநிலத்தின் பீன் பிளாசம் என்ற ஊரில், தமக்குச் சொந்தமான இடத்திலேயே ஆண்டு விழாவைத் தொடங்கினார். மக்கள் கூடாரம் போட்டுத் தங்கி, பகலில் மேடை நிகழ்ச்சிகளைக் கேட்டு, இரவில் மரத்தடியில் தாங்களே வாசித்தார்கள். கோடைக்காலம் முழுவதும் இத்தகைய விழாக்கள் பெருகியபோது, ஒரு பிடில்காரர் சுரங்கத்துக்குத் திரும்பாமல் இருப்பது முதன்முறையாகச் சாத்தியமாயிற்று. 1968இல் மன்ரோவிடம் திரும்பிய பேக்கர் அதன்பின் 1984வரை விலகவில்லை. எல்லா ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் குழுவில் அவரளவு நீண்ட காலம் இருந்த இசைக்கலைஞர் வேறு யாருமில்லை. மேடையில் அவரை அறிமுகப்படுத்தும்போது, புளூகிராஸ் இசையின் தலைசிறந்த பிடில்காரர் என்று மன்ரோ சொல்வது வழக்கம். பாராட்டுச் சொற்களைச் செலவிடத் தயங்குபவரின் வாயிலிருந்து வந்த பாராட்டு அது.

அந்தப் பதினாறு ஆண்டுகளின் மிகப் பெரிய வேலை, தாய்மாமனின் மெட்டுகளை மீட்டது. பென்டில்டன் வாண்டிவர் 1932இல் இறந்தார். அவர் வாசிப்பு எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. மன்ரோ 1950இல் மாமனைப் பற்றி ஒரு பாட்டைப் பதிவு செய்து அந்தப் பெயரை நாடறியச் செய்தார் என்றாலும், மாமன் வாசித்த மெட்டுகள் மன்ரோவின் நினைவில் மட்டுமே இருந்தன. அவற்றைப் பிடிலில் வாசித்துப் பதிய ஆள் வேண்டும். மன்ரோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்து, அந்தப் பொறுப்பைப் பேக்கரிடம் கொடுத்தார். மாமனின் பெயரிலேயே அந்த இசைத்தட்டு 1972இல் வெளிவந்தது.

வாண்டிவர் இறந்தபோது பேக்கருக்கு வயது ஏறத்தாழ ஆறு. அவர்கள் இருவரும் கென்டக்கியின் எதிரெதிர்க் கோடிகளைச் சேர்ந்தவர்கள். அவர் வாசிப்பைப் பேக்கர் கேட்டதே இல்லை. மெட்டுகள் வந்து சேர்ந்த வழி மன்ரோவின் மாண்டலின். மாண்டலினில் ஒரு ஸ்வரத்தைத் தட்டியவுடன் அது தேய்ந்து மறையத் தொடங்கும். பிடிலின் வில்லோ அதை விரும்பும்வரை நீட்டும். ஸ்வரங்களுக்கிடையே என்ன நடக்க வேண்டும், எங்கே வில் திரும்ப வேண்டும் என்பதை மாண்டலின் சொல்லாது. அந்த இடைவெளிகளையெல்லாம் நிரப்பியது பேக்கரின் காது. அந்தக் காது ஜாஸில் பழகியது. ஆயினும் அவர் இங்கே ஜாஸைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. மன்ரோ நினைவு கூர்ந்த வடிவத்துக்கு அடங்கியே வாசித்தார். தன் திறமையைக் காட்டிக்கொள்ள ஆயிரம் வாய்ப்பிருந்த இடத்தில் அவர் காட்டிய இந்த அடக்கத்தையே அவருடைய கலையின் உச்சமாக நான் கருதுகிறேன்.

மன்ரோ புதிதாக அமைத்த வாத்திய மெட்டுகளும் அக்காலத்தில் பேக்கரின் கைவழியாகவே வடிவம் பெற்றன. அவற்றுள் புகழ்பெற்றது ‘ஜெருசலேம் ரிட்ஜ்’. ரோசினில் மன்ரோ பிறந்த வீட்டருகே உள்ள மலைமேட்டின் பெயர் அது. பொதுவாகப் பிடில் மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகளே இருக்கும், இதற்கு நான்கு. சோகம் தோய்ந்த மைனர் சுருதியில் தாழ்ந்த தந்தியிலிருந்து எழும் இந்த மெட்டை, ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வில்லமைப்போடு வாசிக்க வேண்டியிருக்கிறது. 1976இல் கவுண்டி என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் பேக்கரின் பெயரில், மன்ரோவின் மெட்டுகளை மட்டுமே கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் மாண்டலின் வாசித்தவர் மன்ரோவே. மற்றொருவரின் தட்டில் துணைக்கருவி வாசிப்பது அவருக்கு வழக்கமில்லாத செயல். தம் குழுவின் பிடில்காரருக்காக அதைச் செய்தார். அதே நிறுவனத்துக்காக 1960களின் இறுதியிலிருந்து பேக்கர் தனித்தட்டுகள் பல செய்திருந்தார். ‘வாஷிங்டன் கவுண்டி’, ‘ஃபிராஸ்ட் ஆன் தி பம்ப்கின்’ போன்ற அவருடைய சொந்த மெட்டுகளும் அவற்றின் வழியே பரவின.

இந்தக் கூட்டு முடிந்த விதம் வருத்தம் தருவது. 1984 அக்டோபரில் அலபாமாவில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே பேக்கர் மேடையை விட்டு வெளியேறினார், குழுவுக்குத் திரும்பவில்லை. பதினாறு ஆண்டுப் பயணமும், பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைக்காத இருவரின் நெருக்கமும் சேர்ந்து ஏற்படுத்திய களைப்பு ஒரு மாலையில் உடைந்தது என்பதற்கு மேல் அதில் மர்மம் தேட வேண்டியதில்லை.

அதன்பின் அவர் பெரும்பாலும் ஜாஷ் கிரேவ்ஸுடன் சேர்ந்து வாசித்தார். லெஸ்டர் ஃபிளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் நடத்திய குழுவில் டோப்ரோ வாசித்த கிரேவ்ஸ், படுக்கைவாட்டில் வைத்து மீட்டும் அந்தக் கிட்டாருக்குப் புளூகிராஸில் நிலையான இடம் பெற்றுத் தந்தவர். யாருடைய கட்டளைக்கும் உட்படாத இரண்டு முதிர்ந்த கலைஞர்களின் அந்த இணைவாசிப்பில், பேக்கர் இளமையில் நேசித்த புளூஸும் ஸ்விங்கும் மறைவின்றி வெளிப்பட்டன. 1993இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் நாட்டார் கலைஞர்களுக்கு வழங்கும் தேசியப் பாரம்பரிய விருது அவருக்குக் கிடைத்தது. 1999இல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கம் தன் பெருமைக்குரியோர் வரிசையில் அவரைச் சேர்த்தது. மன்ரோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். 2006இல் கிரேவ்ஸ் மறைந்தார். பக்கவாதத்தைத் தொடர்ந்த உடல்நலக் கோளாறுகளால், 2011 ஜூலை 8 அன்று டென்னசியின் கேலட்டின் நகரத்து மருத்துவமனையில் பேக்கர் தம் 85ஆம் வயதில் இறந்தார்.

‘ஜெருசலேம் ரிட்ஜ்’ கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களிடம் ஆசிரியர்கள் இன்றும் முதலில் கேட்கச் சொல்வது அந்த 1976ஆம் ஆண்டுப் பதிவைத்தான். அதில் பிடில் முன்னே செல்ல, மன்ரோவின் மாண்டலின் ஓரடி பின்னே தாளத்தை வெட்டிக்கொண்டு வருகிறது, ரோசினில் ஒரு சிறுவன் கிட்டாரோடு தன் மாமனுக்குப் பின்னால் நடந்த அதே முறையில்.